ஒலிக்கக் கூடாத கம்பிகள்

கிட்டாரின் மிகத் தடித்த கம்பியான ஆறாவது கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஆள்காட்டி விரல், ஐந்தாவது கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல், நான்காவது கம்பியின் அதே 5ஆம் ஃப்ரெட்டில் சுண்டு விரல்: ஜி5 என்னும் பவர் கார்டு (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பு) இவ்வளவுதான். பிடியைக் கலைக்காமல் இரண்டு ஃப்ரெட் நகர்த்தினால் ஏ5 வந்துவிடும்.

ஜியை ஷட்ஜமாகக் கொண்டால், இதில் இருப்பவை ஷட்ஜமும் பஞ்சமமும் மேல் ஷட்ஜமும் மட்டுமே என்பதால், தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கார்டு மேஜர் வகையா மைனர் வகையா என்று தீர்மானிக்கும் காந்தாரத்துக்கு இதில் இடமில்லை. ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் ஜியின் 98 ஹெர்ட்ஸும் பஞ்சமத்தின் 147 ஹெர்ட்ஸும் கலக்கும்போது, அவற்றின் வித்தியாசமான 49 ஹெர்ட்ஸும், அதாவது ஒரு ஸ்தாயி கீழுள்ள ஜியும், சேர்ந்து ஒலிப்பதால் கார்டுக்குக் கனம் கூடுகிறது. காந்தாரத்தையும் சேர்த்தாலோ ஒன்றோடொன்று ஒட்டாத அதிர்வுகள் பெருகி ஒலி கலங்கிவிடுகிறது. 1964இல் வெளிவந்த ‘யூ ரியலி காட் மீ’ பாடலுக்காக, தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரின் கூம்பையே பிளேடால் கீறி அந்தக் கரகரப்பை வரவழைத்தார். (வீட்டில் யாரும் முயல வேண்டாம்; இன்று அதற்குக் காலால் இயக்கும் பெடல்கள் இருக்கின்றன.)

உண்மையான உழைப்பைக் கேட்பது மீதிக் கம்பிகள்தான் என்பது என் எண்ணம். டிஸ்டார்ஷன் மெல்லிய ஓசையையும் உரத்த ஓசைக்கு நிகராகத் தூக்கிக் காட்டுவதால், தவறுதலாக உரசிய ஒரு கம்பிகூடக் கார்டைக் கெடுத்துவிடும். ஆகவே ஆள்காட்டி விரலை நுனியில் செங்குத்தாக ஊன்றாமல் சற்றுப் படுக்க வைத்து, அதன் அடிப்பகுதி மெல்லிய மூன்று கம்பிகளையும் அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சி5 போல ஐந்தாவது கம்பியில் தொடங்கும் கார்டுகளில், அதே விரலின் நுனி ஆறாவது கம்பியையும் லேசாக இடித்து அடக்க வேண்டும். அழுத்தம் சற்றுக் கூடினாலும் வேண்டாத ஸ்வரம் எழும். 5ஆம் அல்லது 7ஆம் ஃப்ரெட்டுக்கு நேரே தொட்டாலோ ஹார்மோனிக் எனப்படும் உயர்ந்த ஸ்வரம் மணியோசை போலக் கிளம்பும்.

ஆறாவது கம்பியை டி வரை தளர்த்திக்கொண்டால், தடித்த மூன்று கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்திப் பவர் கார்டு வாசிக்கலாம். விரைவாக இடம் மாற அது வசதிதான். மெல்லிய கம்பிகளை அடக்கும் வேலை மட்டும் அதிலும் அப்படியே இருக்கிறது.