இணையத்தில் பெறும் போதகர் பட்டம்: எங்கே செல்லும், எதற்குத் தகும்

அமெரிக்காவில் நண்பரின் திருமணத்தையோ உறவினரின் திருமணத்தையோ நடத்தி வைப்பதற்காக, ஓர் இணையதளத்தில் பெயரையும் முகவரியையும் பதிந்து சில நிமிடங்களில் போதகர் பட்டம் பெறுவது இன்று மிகச் சாதாரணமான நடைமுறையாகிவிட்டது. சென்ற மாதம் என் தம்பி மகள் தொலைபேசியில் அழைத்து, "பெரியப்பா, எங்கள் கல்யாணத்தை நீங்களே நடத்தி வைக்க வேண்டும், பட்டத்தை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாமாம்" என்று கேட்டாள். அவள் வேற்று மதத்தவரை மணக்கிறாள். இரு குடும்பங்களுக்கும் பொதுவான ஒருவர் முன்னின்று நடத்த வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அந்த அன்புக்கு உடனே தலையசைக்கத் தோன்றினாலும், திருமணம் டென்னசி மாநிலத்தில் நடக்கவிருக்கிறது என்பதால், சட்டத்தைப் படித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று அவகாசம் கேட்டேன்.

இந்த வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. கிர்பி ஹென்ஸ்லி என்பவர் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் தொடங்கி, 1962-இல் யுனிவர்சல் லைஃப் சர்ச் என்ற பெயரில் முறைப்படி பதிவு செய்த சபை, கேட்டவர்க்கெல்லாம் தபால் வழியாகவே போதகர் பட்டம் அளித்து வந்தது. நியாயமானதை மட்டும் செய் என்பதைத் தவிர அந்தச் சபை எந்தக் கோட்பாட்டையும் வற்புறுத்தவில்லை. இப்படியும் ஒரு மதம் உண்டா என்ற கேள்வி வரிவிலக்கு வழக்காகக் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஒரு மதத்தின் கொள்கை மெய்யா பொய்யா என்று ஆராய்வது அரசின் எந்த அங்கத்தின் வேலையும் அன்று என்று 1974-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். பல்லாண்டு இறையியல் படித்தவரே போதகர் என்று அரசு வரையறுத்தால், படிப்பே இல்லாமல் சபையாரால் தேர்ந்தெடுக்கப்படும் எளிய ஊழியர்களையும், குருமார் என்ற அமைப்பையே ஏற்காத குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரையும் அதே வரையறை வெளியே தள்ளிவிடும். பட்டம் இவ்வளவு எளிதாகக் கிடைப்பது, மத சுதந்திரத்தை அரசு மதிப்பதன் விளைவு.

ஆயினும் பட்டம் கொடுக்கும் உரிமை சபைக்கு இருப்பதாலேயே, அந்தப் பட்டத்தை வைத்து நடத்தப்படும் திருமணத்தை அரசு ஏற்றாக வேண்டும் என்றாகிவிடாது. திருமணச் சட்டம் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பட்டம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை விட, திருமணம் எந்த மாநிலத்தில் நடக்கிறது என்பதே முக்கியம்.

இதற்கு வட கரோலினாவின் 1980-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். மணமகளின் தந்தையே திருமணத்தை நடத்தி வைத்தார். அவர் கத்தோலிக்கர், குருப்பட்டம் பெற்றவர் அல்லர், பத்து டாலர் கொடுத்துத் தபாலில் அந்தச் சபையின் சான்றிதழை வாங்கியிருந்தார். பின்னர் மணமகன் இன்னொரு பெண்ணை மணந்தபோது, இருதார மணக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டான். மேல்முறையீட்டில் மாநில உச்ச நீதிமன்றம், தபாலில் சான்றிதழ் வாங்கிய சாதாரண மனிதர் ஒருவர் நடத்திய அந்த முதல் சடங்கைச் சட்டம் அங்கீகரிக்கும் திருமணமாகக் கொள்ள முடியாது என்று கூறித் தண்டனையை நீக்கிவிட்டது. தான் மனைவி என்று நம்பி வாழ்ந்த பெண்ணின் நிலை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு சட்டமன்றம் தலையிட்டு, 1981 ஜூலை 3-க்கு முன் அந்தச் சபையின் போதகர்கள் நடத்திய திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. அந்தத் தேதிக்குப் பிந்தையவற்றுக்கு அந்த விதியின் பாதுகாப்பு இல்லை.

மற்ற மாநிலங்களின் தீர்ப்புகளும் ஒரு திசையில் போகவில்லை. வர்ஜீனியா 1974-இலேயே இத்தகைய போதகர்களை ஏற்க மறுத்தது. நியூயார்க்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989-இல் மறுத்தது. மிசிசிப்பி உச்ச நீதிமன்றமோ, இறந்தவரின் உயில் தொடர்பான வழக்கில் 1988-இல் ஏற்றுக்கொண்டது. யூட்டா மாநிலம் இணையத்தில் பட்டம் பெற்றவர்களை விலக்கிச் சட்டம் இயற்றியபோது, நேரில் போய்ப் பெறும் பட்டத்துக்கும் இணையத்தில் பெறுவதற்கும் நியாயமான வேறுபாடு எதுவும் இல்லை என்று 2002-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பென்சில்வேனியாவில் 2007-இல் யார்க் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிபதி இத்தகைய திருமணம் செல்லாது என்றார். அடுத்த ஆண்டே பக்ஸ் கவுண்டியில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. டென்னசி 2019-இல், இணைய வழியில் பட்டம் பெற்றவர்கள் திருமணம் நடத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே சட்டத்தில் எழுதியது. அதை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது.

திருமண உரிமத்தைப் பெற்றுக்கொள்ளும் கவுண்டி அலுவலகத்தில், கையெழுத்திட்டவர் எங்கே பட்டம் பெற்றார் என்று பெரும்பாலும் யாரும் துருவிக் கேட்பதில்லை. படிவம் பதிவாகிவிட்டதே, எல்லாம் முடிந்தது என்று தம்பதியரும் நம்பிவிடுகிறார்கள். விவாகரத்தோ, வாரிசுத் தகராறோ வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் தேடிப் பிடிக்கிறார். கலிபோர்னியாவின் குடும்பச் சட்டம் இதில் கருணையுள்ளது: மணமக்கள் அல்லாத மூன்றாமவர் நடைமுறையில் தவறினால் அதற்காகத் திருமணம் செல்லாமல் போகாது என்று அது சொல்கிறது. மற்ற மாநிலங்களும் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் எத்தனையோ குடும்பங்கள் காப்பாற்றப்படும்.

இனி, தகுதி. இணையத்தில் பட்டம் வாங்கியவர் போலிப் போதகர் என்று சிலர் பழிப்பதை நான் ஏற்கவில்லை. திருமணச் சடங்கில் அவர் செய்ய வேண்டியவை, மணமக்களின் சம்மதத்தைச் சாட்சிகள் அறியக் கேட்பதும், அவர்களைத் தம்பதியர் என்று அறிவிப்பதும், படிவத்தைப் பிழையின்றி நிரப்பி உரிய நாளுக்குள் திருப்பிச் சேர்ப்பதுமே. கலிபோர்னியாவில் அதற்குப் பத்து நாள் கெடு. மணமக்களை நெடுநாள் அறிந்த ஒருவர் இதைப் பொறுப்போடு செய்தால், முன்பின் அறியாத குருவானவர் செய்வதைக் காட்டிலும் அது எவ்விதத்திலும் தாழ்ந்ததாகாது. ஆனால் அதே சான்றிதழைக் காட்டி, மரணப் படுக்கையில் இருப்பவருக்கும் மனமுடைந்தவருக்கும் ஆன்மிக ஆலோசகராக அமர்வதை என்னால் ஏற்க முடியாது. அந்த ஊழியத்துக்குப் பயிற்சியும், மேலிருந்து கண்டிக்க ஒருவரும் வேண்டும். வரி ஏய்ப்புக்கு இந்தப் பட்டம் பயன்பட்டதும் வருந்தத்தக்கதே. 1976-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹார்டன்பர்க் என்ற சிற்றூரில், சொத்து வரியை எதிர்த்து, மத ஊழியர் என்ற வகையில் வரிவிலக்கு கோருவதற்காக, நில உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஒட்டுமொத்தமாகப் போதகர்களானார்கள். அவர்களுடைய குறையில் நியாயம் இருந்திருக்கலாம். அதற்காகப் பிடித்த வழி, உண்மையான சிறு சபைகளின் மீதும் ஐயத்தைக் கிளப்பிவிட்டது.

என் மனக்குறை வேறு. மத நம்பிக்கையே இல்லாத ஒருவர், நண்பரின் திருமணத்தை நடத்துவதற்காக ஒரு சபையின் போதகர் என்று கையெழுத்திடும் நிலையை அரசு ஏன் உண்டாக்க வேண்டும்? மாசசூசெட்ஸ் ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி தருகிறது. நியூயார்க் 2023 முதல் 25 டாலர் கட்டணத்தில் அதே வசதியைச் செய்திருக்கிறது. பென்சில்வேனியாவில், குவேக்கர் மரபிலிருந்து வந்த தனி உரிமம் ஒன்றைப் பெற்றால், நடத்தி வைப்பவரே தேவையில்லை; மணமக்களும் இரு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். இவை எல்லாம் நேர்மையான வழிகள்.

டென்னசியில் இவற்றுள் ஒன்றும் இல்லாததால், தம்பி மகளிடம் இப்படிச் சொன்னேன்: சடங்குக்கு முந்தைய நாள் அங்குள்ள கவுண்டி கிளார்க் முன்னிலையில் சட்டப்படி திருமணத்தை முடித்துக்கொள்ளுங்கள்; மறுநாள் இரு குடும்பங்களுக்கும் முன்னால் நான் நடத்தி வைக்கிறேன், ஆனால் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட மாட்டேன். அவளும் மணமகனும் அதற்கு ஒப்புக்கொண்டு, அந்த அலுவலகத்தின் வேலை நேரத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.