கரன்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இந்த அளவில் ஒரு கடல்நீர்த் தொட்டியை வீட்டில் வைத்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. மீன் விட்டது கடைசி மாதத்தில்தான். மீதி ஆறு மாதமும் எடை, குழாய், வால்வு, உப்பு என்றே போனது. பெரிய தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் மீனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் குழாயைப் பற்றிச் சொல்கிறேன். பல ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

அம்மாவின் ஊர் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம். சின்ன வயதில் கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்போம். கல் இடுக்கில் இருந்து கறுப்பு வரி போட்ட குட்டி மீன்கள் வந்து காலைக் கொத்திவிட்டு ஓடும். அந்தக் கூச்சம் இன்னும் காலில் இருக்கிறது. சென்னை வில்லிவாக்கத்தில் வீடு கட்டியதும் ஹாலில் அந்த ஒரு துண்டுக் கடலை வைத்துவிட வேண்டும் என்பது பல வருட ஆசை.

பவளம் வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தேன். கடினப் பவளங்களை எல்லாம் 2001இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். கடல் குதிரையையும் அப்போதே சேர்த்தார்கள். அதாவது புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகளே மூழ்கிப் போயின. அந்தக் கரையில் வளர்ந்தவன் அதே கல்லைக் காசு கொடுத்து வாங்கி அலங்காரம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. செராமிக்கில் செய்த செயற்கைக் கல் 50 கிலோ வாங்கினேன். மீனும் கல்லும் மட்டும். அதுவே போதும்.

அடுத்தது எடை. முதல் மாடி ஹாலில் வைக்கத்தான் ஆசைப்பட்டேன். வீட்டுக்கு வரைபடம் போட்ட பொறியாளரிடம் கேட்டபோது, "மொத்தம் எவ்வளவு எடை, எத்தனை சதுர அடியில் நிற்கப் போகிறது, அதைச் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விளிம்பு வரை நிரப்பாமல் விட்டாலும் தொட்டியில் 600 லிட்டருக்கு மேல் தண்ணீர். கடல்நீர் என்பதால் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 120 கிலோவுக்கு மேல். கல், மணல், இரும்பு ஸ்டாண்டு, கீழே இருக்கும் சம்ப் என்ற வடிகட்டும் தொட்டி எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டியது. இத்தனையும் நிற்பது 12 சதுர அடியில், அதாவது ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் கட்டுகிறார்கள். பொறியாளர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தரைத்தளம்." சரி என்று கீழே இறக்கினேன்.

தொட்டி கொளத்தூரில் செய்தது. கண்ணாடி ஒட்டுவதில் அங்கே இருப்பவர்களின் கை பழகிய கை. ஆனால் ஒன்று, ஒட்டுவதற்கு முன்பே துளை எங்கெங்கே, எத்தனை, என்ன அளவு என்று நாம் சொல்லிவிட வேண்டும். அந்தத் துளைகளை முடிவு செய்யத்தான் எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஏற்பாடு இதுதான். தொட்டியின் பின்சுவரை ஒட்டி மேலே நான்கடி நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. தொட்டித் தண்ணீர் அதன் விளிம்பு வழியாக மெல்லிய படலமாக உள்ளே விழும். அந்தப் பெட்டியில் இருந்து மூன்று குழாய்கள் ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்புக்கு இறங்கும். சம்பில் வடிகட்டல் முடிந்ததும் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும்.

மூன்று குழாய் எதற்கு என்று பிளம்பரும் கேட்டார். வயதில் மூத்தவர், மாடி டேங்க் வேலையில் முப்பது வருட அனுபவம் உள்ளவர். "ஒரு ஒன்றரை இஞ்ச் லைன் போதுமே சார்" என்றார். போதும்தான். ஆனால் ஒரே குழாயில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து இறங்கினால் ராத்திரி முழுக்கக் களக் களக் என்று சத்தம் வரும். அது அடைத்துக்கொண்டால் ஹாலெல்லாம் உப்புத் தண்ணீர். அதனால் முதல் குழாயில் காற்றே புகாமல் தண்ணீர் முழுதாக நிறைந்து இறங்க வேண்டும், அதன் வேகத்தை அடியில் ஒரு வால்வு வைத்து அடக்க வேண்டும். அதற்கு மிஞ்சிய கொஞ்சம் தண்ணீர் இரண்டாவது குழாயின் சுவரை ஒட்டிச் சத்தமில்லாமல் வழியும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருக்கும். மற்ற இரண்டும் அடைத்தால் மட்டும் அதற்கு வேலை. இதைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புரியுது சார், மூணாவது நம்ம சன்ஷேடு தண்ணிக்கு வைக்கிற ஓவர்ஃப்ளோ மாதிரி" என்றார். அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே என் திட்டத்தைச் சரிசெய்த கேள்விகள்.

ஒரு இடத்தில் மட்டும் தடுமாறினோம். பித்தளை. வீட்டுக் குழாய் வேலையில் மரை வரும் இடமெல்லாம் உள்ளே பித்தளை வைத்த எம்டிஏ, எஃப்டிஏ என்ற மரை இணைப்புகளைத்தான் போடுவார்கள். அதுதான் உறுதி என்பது அவர்கள் பழக்கம். மூன்றாம் நாள் மாலை வேலை முடிந்து அவர் கிளம்பிய பிறகு, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மோட்டாருக்கு மேலே இருந்த இணைப்பில் மஞ்சளாக ஒரு வளையம் மின்னியது. பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அது கரைந்துகொண்டே இருக்கும். மீன் ஓரளவு தாங்கும். இறால், நட்சத்திர மீன், சங்கு வகைகள் தாங்காது. மொத்தம் நான்கு இடத்தில் இருந்தது. மறுநாள் காலையில் அவர் வந்ததும் சொன்னேன். "பிளாஸ்டிக் மரை பிச்சுக்கும் சார்" என்றார். காரணத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் ரம்பத்தை எடுத்து நான்கையும் அறுத்துப் போட்டார். முதல் குழாயின் வேகத்தை அடக்கும் கேட் வால்வும் அப்படித்தான். ஹார்டுவேர் கடையில் கேட்டால் பித்தளையைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். பந்து வால்வைக் கால் சுற்று திருப்பினாலே முழுக்கத் திறந்துவிடும், நுணுக்கமாக அடக்க முடியாது. கேட் வால்வுதான் வேண்டும். பிளாஸ்டிக்கில் அது ஆன்லைனில் வாங்கி வந்து சேர இரண்டு வாரம் ஆனது.

சின்ன விஷயங்கள் சில. குழாய் ஒட்டும் சால்வென்ட் தடவுவதற்கு முன் எல்லாக் குழாயையும் வெறுமனே செருகிப் பார்த்து மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு இரு பக்கமும் யூனியன் என்ற கழற்றி மாட்டும் இணைப்பு வையுங்கள், இல்லாவிட்டால் மோட்டாரைக் கழுவக் குழாயை அறுக்க வேண்டிவரும். கண்ணாடித் துளையில் போடும் டேங்க் கனெக்டரின் ரப்பர் வாஷர் தலைப் பக்கம்தான் இருக்க வேண்டும், நட்டுப் பக்கம் இல்லை. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான்.

அப்புறம் சோதனை நாள். உப்பு போடாமல் வெறும் போர் தண்ணீரை நிரப்பி மோட்டாரைப் போட்டோம். 20 லிட்டர் பெயின்ட் வாளியை மேலே வரும் தண்ணீரில் பிடித்தேன், நிறைய 24 நொடி ஆனது. மணிக்கு 3000 லிட்டர். மோட்டார் பெட்டியில் போட்டிருந்தது 5000. ஐந்தடி உயரமும் எல்போக்களும் மீதியைத் தின்றுவிட்டன. தொட்டித் தண்ணீர் மணிக்கு ஐந்து தடவை சுற்றிவருகிறது, அது போதும். வால்வைத் துளித்துளியாக மூடிக்கொண்டே வந்ததில் சத்தம் குறைந்து, குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. பிளம்பர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"இப்போ கரன்ட் போனா என்ன ஆகும்னு பார்ப்போம்ணே" என்று சுவிட்சை அணைத்தேன்.

மேலே இருந்த தண்ணீர் கீழே வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது. சம்பில் மட்டம் ஏறி, விளிம்பைத் தொட்டு, வழியத் தொடங்கியது. அவர் பாய்ந்து மேலேறும் லைனின் வால்வை மூடினார். அதற்குள் பத்து லிட்டராவது தரையில்.

நடந்தது இதுதான். தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி வரும் குழாயின் வாயை மட்டத்துக்கு நான்கு அங்குலம் கீழே வைத்திருந்தோம். மோட்டார் நின்றதும் அந்தக் குழாயே தண்ணீரைக் கீழ்நோக்கி உறிஞ்சத் தொடங்கிவிட்டது. வாய் வெளியே தெரியும் வரை உறிஞ்சும். என் தொட்டியில் ஒரு அங்குலம் என்பது 28 லிட்டர். நான்கு அங்குலம் 112 லிட்டர். பெட்டியிலும் குழாயிலும் இருக்கும் 20 லிட்டரையும் சேர்த்தால் சம்பில் மீதி இருந்த இடத்தைத் தாண்டிவிடும். இதைத் தடுக்கத்தான் லைனில் தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் என்ஆர்வி வால்வு போட்டிருந்தோம். அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். மடல் மூடியபடிதான் இருந்தது. ஆனால் மடலுக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவே, குழாயை அறுத்தபோது விழுந்த வெள்ளைச் சுருள் ஒன்று, நகத் துணுக்கு அளவு, மாட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். புதுக் குழாயிலேயே இப்படி என்றால், ஆறு மாதம் கழித்துப் பாசியும் சுண்ணாம்பும் படிந்த பிறகு இந்த மடலை எப்படி நம்புவது?

அன்றே என்ஆர்வியைத் தூக்கிவிட்டோம். திரும்பும் குழாயின் வாயை மேலே உயர்த்தினோம். மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டோம். மட்டம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். மாதம் ஒருமுறை பழைய டூத்பிரஷ்ஷால் அந்தத் துளையைத் தேய்த்துவிடுகிறேன். மறுபடி சுவிட்சை அணைத்தபோது தொட்டியில் ஒன்றரை அங்குலம்தான் இறங்கியது. 18 அங்குல உயரச் சம்பில் தண்ணீர் ஒன்பதில் இருந்து ஏறி பதின்மூன்றரைக்கு வந்து நின்றது. ஒன்பதில் கறுப்புக் கோடு, பதின்மூன்றரையில் சிவப்புக் கோடு போட்டேன். மோட்டார் ஓடும்போது கறுப்புக் கோட்டுக்கு மேல் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தோம். முதல் குழாயைத் துணியால் அடைத்தோம், இரண்டாவது தாங்கியது. இரண்டையும் அடைத்தோம், மூன்றாவது சடசடவென்று இரைந்துகொண்டு எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தம் நல்லது, ஏதோ அடைத்திருக்கிறது என்று பக்கத்து அறை வரை சொல்லும். மின்கசிவு வந்தால் தட்டிவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைத் தொட்டிக்கு என்றே தனியாக வைத்தோம். இதில் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மீதி வேலைகள் பொறுமை இருந்தால் தானாக நடப்பவை. ஆர்ஓ தண்ணீர் மணிக்கு 12 லிட்டர்தான் வரும், 750 லிட்டர் சேர மூன்று நாள். கழிவுத் தண்ணீரைத் துணி துவைக்கவும் வாசல் கழுவவும் எடுத்துக்கொண்டோம். செயற்கைக் கடல் உப்பு 28 கிலோ சொச்சம் பிடித்தது. சமையல் உப்பு உதவாது, கால்சியமும் மக்னீசியமும் அதில் இருக்காது. உப்பளவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால், கடல்நீருக்கு 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) வரும் இடத்தில் இரண்டு கூடுதலாகக் காட்டியது. 35க்கு என்றே விற்கும் கரைசலில் சரிபார்த்த பிறகுதான் நேரானது. சந்தையில் வாங்கிய ஒரு இறாலைப் போட்டு அழுகவிட்டேன். அமோனியா ஏறி, அதைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்து, டெஸ்ட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர ஐந்து வாரம். சென்னை வெயிலுக்கு அரை எச்பி சில்லர் இல்லாமல் தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்த முடியாது. அது கக்கும் சூடு அறைக்குள்ளேயே சுற்றக் கூடாது என்று சுவருக்கு வெளியே வைத்தோம். அதன் லைனுக்கு ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமைச் சுற்றச் சொன்னது பிளம்பர்தான்.

முதலில் விட்டது இரண்டு கோமாளி மீன்கள், கடலில் பிடித்தவை அல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மீனை இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம ஊர்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மே மாதம் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், ஃபேன் இன்வெர்ட்டருக்கு மாறும் சத்தத்தில் விழிப்பு வந்தது. ஹாலில் தண்ணீர் இறங்கும் சத்தம். எழுந்து போகாமல் படுத்தபடியே கேட்டேன். சத்தம் மெலிந்து, நூலாகி, ஒன்றரை நிமிடத்தில் நின்றது. அப்புறம்தான் போய் ஸ்டாண்டுக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது. மேலே கோமாளி மீன் இரண்டும் கல் ஓரத்தில் ஒன்றை ஒன்று ஒட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தன.