கண்ணாடி வீடுகள்

மார்ச் 4

போலந்து எழுத்தாளர் ஸ்தெபான் ஜெரோம்ஸ்கியின் ‘பிஷெத்வியோஷ்னியே’ (வசந்தத்துக்கு முன்) நாவலில் பாதி வந்தாயிற்று. காஸ்பியன் கடலோரத்துப் பாக்கு நகரில் வளர்ந்த மகன் சேசரியிடம் அப்பா செவெரின் அளக்கிறார்: போலந்தில் உறவுக்காரர் ஒருவர் கடல் மணலை உருக்கிக் கண்ணாடி வீடுகள் கட்டுகிறாராம். குளிர்காலத்தில் சுவருக்குள் வெந்நீர் ஓடுமாம், கோடையில் குளிர்ந்த நீர். மகனை நம்பவைத்துவிட்டு வழியிலேயே செத்துப்போகிறார் மனிதர். மகன் எல்லையில் இறங்கிப் பார்த்தால் சேறும் குடிசையும்தான். அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மார்ச் 6

இதை 1928-ல் ஹென்ரிக் ஷாரோ மௌனப்படமாக எடுத்தார். சேசரியாக ஸ்பிக்னியெவ் சவான். ஜெரோம்ஸ்கி 1925-லேயே காலமானதால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நமக்கும்தான், படமே தொலைந்துவிட்டது.

என்னை அரிப்பது ஒன்றுதான். அந்தக் கண்ணாடி வீடுகளை ஷாரோ என்ன செய்திருப்பார்? நாவலில் அது வெறும் வாய்ப்பேச்சு. மௌனப்படத்தில் காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டையில் போட்டால் நாலு வரியில் சப்பென்று போய்விடும். செட் போட்டுக் காட்டினாலோ பொய் கண்முன் எழுந்து நின்றுவிடும். கண்ணால் பார்த்ததை யார் பொய் என்பார்கள்? அடுத்து வரும் சேறு அப்போதுதான் உறைக்கும். நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

மார்ச் 9

அந்தக் காலச் சுருள் நைட்ரேட். பற்றிக்கொண்டால் தண்ணீருக்கடியிலும் எரியும்; சும்மா கிடந்தாலும் மக்கும். பேசும்படம் வந்தபின் அதைப் பொத்திவைக்க ஆளில்லை. 1944-ல் நாஜிகள் போலந்தின் தலைநகர் வார்சாவையே தெருத்தெருவாகக் கொளுத்தினார்கள். யூதரான ஷாரோ அதற்கு முன்பே, 1942-ல், யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில் கொல்லப்பட்டார்.

மார்ச் 10

ஷாரோ 1929-ல் எடுத்த படம், ‘மோட்ஸ்னி சுவோவியெக்’ (வலிமையான மனிதன்), தப்பிவிட்டது! அதுவும் தொலைந்ததாக எழுதப்பட்டதுதான். 1997-ல் பெல்ஜியக் காப்பகத்தில் பிரதி கிடைத்தது. இதுவும் நாவல்தான், பிஷிபிஷெவ்ஸ்கி எழுதியது. நோயாளி நண்பனைச் சாகவிட்டு, அவன் கையெழுத்துப் பிரதியைத் தன்னுடையதாக்கிப் புகழ் சம்பாதிக்கும் ஒருவனின் கதை. இன்று பார்த்தேன். ஒரு பிம்பத்தின் மேல் இன்னொன்றை ஏற்றி, அவன் தலைக்குள் ஓடுவதையெல்லாம் திரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். இந்த ஆளா கண்ணாடி வீட்டை அட்டையில் எழுதிவிட்டுப் போயிருப்பார்?

மார்ச் 12

நாவல் முடிந்தது. தொழிலாளர் ஊர்வலம் வார்சாவில் குடியரசுத் தலைவர் இருந்த பெல்வெடெர் மாளிகையை நோக்கிப் போகிறது. சேசரி வரிசையை விட்டு விலகி, எதிரே நிற்கும் படைவீரர்களை நோக்கித் தனியாக நடக்கிறான். இதற்கு அட்டையே வேண்டாம், காமிராவுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. 2001-ல் ஃபிலிப் பாயோன் இந்த நாவலை மறுபடி எடுத்திருக்கிறார். இனி அதைத் தேடவேண்டும்.