யாருக்கும்மா?

நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "யாருக்கும்மா?"

"அக்காவுக்கு" என்றாள். நீட்டிய மொபைலைப் பைக்குள் போட்டாள். "இல்லீன்னா பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். மொத்தமே அரை நிமிடம்தான் இருக்கும். நாலு வருஷமாக அந்த அரை நிமிடத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு அக்கா கிடையாது. வீட்டுக்கு மூத்தவளே அவள்தான். அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நல்லதாக ஒரு பொய்யைத் தேடிப் பிடிக்கக்கூட நான் அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

தெருப் பெயர் வேண்டாம். சேலத்தில் குகைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். டி.பார்ம் முடித்துவிட்டு, பிறந்து வளர்ந்த பகுதியிலேயே ஒரு மெடிக்கலில் 21 வருஷமாக நிற்கிறேன். கடை என்னுடையது இல்லை, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சர்டிபிகேட் மட்டும் என்னுடையது. அவளுடைய அப்பா மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வருவார். என்னைத் தம்பி என்பார். அதனால் அவளுக்கு நான் சித்தப்பா. "சித்தப்பா, அம்மாவுக்குத் தலைவலித் தைலம்", "சித்தப்பா, மிச்சம் நாலு ரூபா நாளைக்குத் தர்றேன்" என்றுதான் சின்ன வயதிலிருந்து பேச்சு. அன்றைக்கு மணி ஒன்பதரை, ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. குனிந்து எட்டிப் பார்த்தவள் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. "இது இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

முறையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, யாரோ ஒரு கடைக்காரரிடம் வருகிற மாதிரி வந்திருக்கிறாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் அந்த "ம்மா"வைப் போட்டு, பழைய இடத்திலேயே கொண்டுவந்து அவளை நிறுத்திவிட்டேன்.

மொபைலில் இருந்தது அவசரக் கருத்தடை மாத்திரையின் படம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், சீக்கிரம் போடப் போடப் பலன் அதிகம். கடை வைத்திருப்பவர்களிலேயே பல பேர் இதைக் கலைக்கிற மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. கலைக்கிற மாத்திரை வேறு, அதை டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. இதைச் சீட்டு இல்லாமலே கொடுக்கலாம் என்று 2005லேயே மத்திய அரசு சொல்லியாயிற்று. ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம். தடை என்று ஒரு காகிதத்தையும் நான் பார்த்ததில்லை. ஹோல்சேலில் கேட்டால், "அதெல்லாம் நம்ம பக்கம் ஓடாதுங்க, எதுக்கு வம்பு" என்பார்கள். நாங்களும் எதுக்கு வம்பு என்று விட்டுவிட்டோம்.

ஆகக் கடையில் அந்த மாத்திரையே இல்லை. இல்லாத மருந்து யாருக்கு என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

கேள்வியே தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. யாருக்கு என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் சிரப் கேட்டால் குழந்தைக்கு எத்தனை வயது, எத்தனை கிலோ என்று கேட்பேன். வலி மாத்திரை கேட்டால் அல்சர் இருக்கிறதா, மாசமாக இருக்கிறார்களா என்று கேட்பேன். கேட்காமல் எடுத்து நீட்டுகிறவன் மளிகைக் கடைக்காரன். இப்படி எனக்கு நானே பல தடவை வாதாடியிருக்கிறேன், ஜெயித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த மாத்திரைக்குக் கேட்க வேண்டியது வேறு. எத்தனை மணி நேரம் ஆச்சு? டி.பி.க்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறார்களா? சாப்பிட்டால் இது சரியாக வேலை செய்யாது. இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இன்னொன்றும் சொல்லியிருக்கலாம்: ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் பலிக்கும், விடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று. அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. வாய் "யாருக்கும்மா"வோடு நின்றுவிட்டது.

இன்னொரு கணக்கும் உதைக்கிறது. ஆணுறை வாங்க வருகிற பையன்களை இந்த 21 வருஷத்தில் ஒருத்தனைக்கூட யாருக்கு என்று கேட்டதில்லை. கூட்டம் குறையும்வரை பாண்டேஜ் டப்பாவை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பான், அப்புறம் விரலைக் காட்டுவான், நான் எடுத்துக் கொடுப்பேன். அதே தெருப் பையன்தான், அவனும் என்னைச் சித்தப்பா என்பவன்தான். சில நேரம் லேசாகச் சிரித்துக்கூட வைத்திருக்கிறேன்.

பழைய தெருவைப் பற்றி எல்லோரும் உருகி உருகிப் பேசுகிறார்கள். நானும் பேசுவேன். விடிகாலையில் தெரு நீளத்துக்குத் தறி நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போக வழி இருக்காது, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம். ஆடியில் வண்டிவேடிக்கை வந்தால் பக்கத்து வீட்டு மாமா முருகனாக நிற்பார், காலையில் கடன் கேட்க வந்தவர்தான் என்று தெரிந்தே கும்பிடுவோம். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எந்த மாதம் தேதி, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பசியோடு ஒரு குழந்தை தூங்கப் போனதில்லை அந்தத் தெருவில். இது நிஜம், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் அந்தக் காலம் கட்டுப்பெட்டி என்பார்கள். எங்கள் ஆயாவின் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஏழெட்டுப் பெண்கள் ராட்டையில் தறி நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கல்யாணமாகி மறுநாள் காலையில் புதுப்பெண் தண்ணீருக்கு வந்தால் ஆயா உரக்கக் கேட்கும்: "ஏண்டி, ராத்திரி தறி ஓடுச்சா?" இன்னொருத்தி, "எங்க ஓடறது, நாடா சிக்கிக்கிச்சோ என்னமோ" என்பாள். திண்ணையே குலுங்கும். எங்களுக்குப் பாதிதான் புரியும், அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். நாங்கள் நிரோத் ஆணுறையை ஊதிப் பலூன் விட்டிருக்கிறோம், பெரியவர்கள் திட்டுவார்கள், திட்டும்போதே சிரிப்பார்கள். 1968ல் நிரோத் வந்தபோது டீத்தூள், சோப்பு விற்ற கம்பெனிகளின் வண்டிகளிலேயே பெட்டிக்கடை வரைக்கும் வந்ததாம், மூன்று 15 பைசா. எங்கள் முதலாளியின் அப்பா சொல்வார். வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்து விற்றிருக்கிறார்கள்.

அதே திண்ணைதான். நான் எட்டாவது படிக்கும்போது எதிர்வரிசையில் ஒரு பெண் செத்துப்போனாள். அவளும் தார் சுற்ற வருகிறவள். "வயித்துவலி" என்றார்கள். பேப்பரிலும் தீராத வயிற்றுவலி என்றே வந்தது. அந்தக் காலத்துப் பேப்பர்களில் கல்யாணமாகாத பெண்கள் எத்தனை பேர் வயிற்றுவலியில் செத்தார்கள் என்று எண்ணினால் தெரியும். அதற்கப்புறம் ஆயா அவள் பெயரை உச்சரித்து நான் கேட்டதில்லை. ராட்டைச் சத்தம் மட்டும் மறுவாரமே ஆரம்பித்துவிட்டது.

எல்லாம் தெரிந்த தெருவுக்கு அது மட்டும் எப்படித் தெரியாமல் போனது? தெரிந்திருக்கும். யாராவது ஒருத்தர் அவளிடம், யாருடி, யாருக்கு என்று கேட்டிருப்பார்கள். என்னைப் போல, நல்ல மனசோடு.

ஷட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த வயிற்றுவலி ஞாபகம் வந்தது. வந்தும் நான் அவள் பின்னால் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ராத்திரி பத்து மணிக்கு ஒரு வயசுப் பெண்ணின் ஸ்கூட்டிக்குப் பின்னால் மெடிக்கல்காரர் ஓடினால் தெரு அதையும்தான் பார்த்திருக்கும். இது சாக்கா, காரணமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வெளியூரில் படித்தபோது சேலம் என்று சொன்னதும் ஹாஸ்டலே சிரிக்கும். "சேலமா? எந்த லாட்ஜு, ரூம் நம்பர் என்ன?" என்பார்கள். ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு இளைஞர்களின் ரகசியம் தீர்க்கும் வைத்தியர்களால் எங்கள் ஊருக்கு வந்த புகழ் அது. மாம்பழத்தைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட மருந்துகளுக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று 1954ல் சட்டம் போட்டிருக்கிறார்கள், எங்களுக்கு அது பாடமாகவே இருந்தது. படித்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் கக்கூஸுக்குப் போனால் சுவர் பூரா நோட்டீஸ். ஆம்பளைக்கு வருகிற பயத்துக்கு லாட்ஜ், லேகியம், டிவியில் அரை மணி நேர நிகழ்ச்சி என்று ஊரே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அவளுக்கு இருந்தது பாதி இறக்கிய ஒரு ஷட்டர்.

ஏன் எங்கள் கடைக்கு வந்தாள் என்பதுதான் பிடிபடவில்லை. முகம் தெரியாத கடை எத்தனை இருக்கிறது இந்த ஊரில். ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது, அங்கெல்லாம் போய்விட்டுத்தான் வந்திருப்பாள் என்று. எல்லா இடத்திலும் இல்லை என்றிருப்பார்கள். கடைசியாக இங்கே. சித்தப்பா எப்படியாவது வரவழைத்துத் தருவார் என்று நினைத்தாளோ? அப்படியென்றால் ஏன் சித்தப்பா என்று கூப்பிடவில்லை?

அவள் பெரிய மனுஷியானபோது தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மாலையும் கிரீடமும் போட்ட படம், மைக் செட், பூப்புனித நீராட்டு விழா, சுற்றமும் நட்பும் வருக. நானும் 501 ரூபாய் மொய் எழுதினேன். அவளுடைய உடம்பில் நடந்ததை அன்றைக்கு இரண்டு வார்டுக்கு ஒலிபெருக்கியில் சொன்னோம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது, அது தொழில் தர்மம். அவள் அப்பா ஒவ்வொரு மாதமும் எதிரே நின்று மெட்ஃபார்மின் அட்டையை எண்ணி வாங்குவார், ஒரு தடவைகூட வாய் வரைக்கும் வந்ததில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன். அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை, என்ன என்றாள், சொன்னேன்.

"ஏங்க, யாருக்குன்னு கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "அவ உங்ககிட்ட மாத்திரைதான கேட்டா?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பெண்ணை வழியில் பார்த்தால் என் மனைவி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேச ஆரம்பித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்பில் எல்லாம் சொல்லியாயிற்று. அந்தப் பெண்ணும் அதைப் படித்திருப்பாள்.

அவள் அதற்கப்புறம் எங்கள் கடைக்கு வந்ததில்லை, தம்பிதான் வருவான். கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போனாள். போன தை மாதம் கல்யாணம். "தம்பி, குடும்பத்தோட வந்துடணும்" என்று அவள் அப்பா பத்திரிகையில் மஞ்சள் தடவிக் கொடுத்தார். மனைவியை அனுப்பிவிட்டு நான் கடையைப் பார்த்துக்கொண்டேன், ஆள் லீவு என்று ஒரு காரணம். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது, நீ எதற்குக் கிடந்து புழுங்குகிறாய் என்று ஒரு மனசு சொல்கிறது. நல்லபடியாக முடிந்திருந்தால் அது உன்னால் இல்லை என்கிறது இன்னொன்று.

அந்த மாத்திரையை வரவழைத்து வைக்கலாமா என்று முதலாளியிடம் ஒரு தடவை கேட்டேன். "யாரு கேக்கறாங்க நம்ம ஏரியாவுல?" என்றார். பேசாமல் இருந்துவிட்டேன்.

இனிமேல் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். போன மாதம் ஒரு சின்னப் பெண் வந்தாள். இப்போது தெருவில் பாதிப் பேர் புதுசு, யார் வீட்டுப் பெண் என்று எனக்குத் தெரியாது. நிம்மதியாகக்கூட இருந்தது. பிரெக்னன்சி கார்டு கேட்டாள். முகத்தைப் பார்க்காமல் எடுத்து, நியூஸ் பேப்பரில் சுற்றி நீட்டினேன். காசு கொடுத்துவிட்டும் அவள் போகவில்லை.

"அண்ணா, இது காலையிலதான் பாக்கணுங்களா?"

பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "உள்ள பேப்பர் இருக்கும்மா, அதுல போட்டிருப்பாங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கூட்டம் குறைந்ததும் இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் இங்கிலீஷ், அடுத்த பக்கம் இந்தி. தமிழில் ஒரு வரி இல்லை. பிரித்ததைத் திருப்பி வைக்க முடியாது. 60 ரூபாய், என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.