அஞ்சறைப்பெட்டிக்குள் ஒரு ஹெமி எஞ்சின்

நிஜக் கார் கால் மைல் தூரத்தைச் சுமார் 7 விநாடியில் ஓடி முடித்துவிடும். அதன் பிளாஸ்டிக் மாடலை ஒட்டி முடிக்க எனக்கு இது பதினான்காவது மாதம்.

தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் பங்கு உண்டு. நாங்கள் இருப்பது தெற்கு கலிபோர்னியாவில். தாத்தா ஒருநாள் தன் கராஜைச் சுத்தம் செய்யும்போது, ஓரம் நைந்த அட்டைப்பெட்டி ஒன்றை என் கையில் திணித்தார். உள்ளே 1/25 அளவில் ஒரு ஃபன்னி கார், அதாவது கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்கென்றே கட்டிய காரின் மாடல். 1970-இல் டாம் மெக்யூவன் ஓட்டிய சிவப்பு பிளிமத் டஸ்டர். “எனக்குக் கை நடுங்குது, நீ கட்டு” என்றார். என் கை நடுங்காது என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

தாத்தா சிறுவயதில் லாங் பீச் பக்கம் இருந்த லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப் என்ற பந்தயத் தடத்திலேயே பழியாய்க் கிடந்தவர். அதை 1972-இல் மூடிவிட்டார்கள். ஊர்த் தேர் நின்றுபோனதைப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் குரலில்தான் அதைப் பற்றிப் பேசுவார். அந்தக் கார்களின் எரிபொருளான நைட்ரோமீத்தேன் எரிகிற வாசனையில் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகுமாம், அதுதான் சொர்க்கமாம். 1970 மார்ச் 8 அன்று அங்கேதான் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் வண்டியில் கியர்பாக்ஸ் வெடித்து, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. அதற்குப் பிறகுதான் அவர் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டினார். “அன்னைக்கு நான் நேர்ல பார்த்தேன்னு சொல்றவங்களை எல்லாம் கூட்டினா, லயன்ஸ்ல நிக்க இடமே இருந்திருக்காது. எனக்கு அன்னைக்குப் பல்வலி, வீட்ல இருந்தேன்” என்பார் தாத்தா. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் சொல்லும் மற்றதையெல்லாம் நம்புகிறேன்.

பிப்ரவரியில் அம்மா ஊரிலிருந்து வந்தார். மேஜையில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து, “என்னடா இது, குழந்தைக்கா?” என்றார். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பேச்சை மாற்றுவதற்காகக் கதை சொன்னேன். இன்னொரு பந்தய வீரரான டான் புருதோமுக்குப் பட்டப்பெயர் பாம்பு. அவரைப் போட்டிக்கு இழுப்பதற்காகவே மெக்யூவனுக்குக் கீரி என்று பெயர் வந்தது. பொம்மைக் கம்பெனியான மேட்டல் இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தது. மஞ்சள் பார்ரகூடா பாம்புக்கு, சிவப்பு டஸ்டர் கீரிக்கு. அம்மா உடனே, “நம்ம ஊர்ல கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்னு கடைசி வரைக்கும் விடாம தாயத்து வித்துட்டுப் போவானே, அது மாதிரியா?” என்றார். ஏறக்குறைய அதேதான். இவர்கள் நிஜமாகவே சண்டையும் போட்டார்கள், ஹாட் வீல்ஸ் காரும் விற்றார்கள்.

கட்டுகிற கதைக்கு வருகிறேன். முதல் மாதம் கார்க் கண்ணாடியைச் சூப்பர் க்ளூவில் ஒட்டினேன். மறுநாள் காலை பார்த்தால் மார்கழிப் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கை அப்படிச் செய்யும் என்பது ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. ஸ்டிக்கரைத் தண்ணீரில் போட்டேன். பழைய ஸ்டிக்கர், அப்பளம் மாதிரி சுக்குநூறானது. வேறு செட் வாங்கினேன்.

ஆனால் எஞ்சினை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 426 ஹெமி என்ற ரகம். எட்டு சிலிண்டர், எட்டு பிளக், எட்டு ஒயர். எல்லா ஒயரும், பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மேக்னீட்டோவின் தலையிலிருந்து கிளம்ப வேண்டும். அதுவும் சிலிண்டர்கள் பற்றிக்கொள்ளும் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில். இதை யார் எண்ணிப் பார்ப்பார்கள் என்றால், தாத்தா எண்ணுவார். கிட்டோடு வந்த பிளாஸ்டிக் மேக்னீட்டோ பிடிக்காமல், அலுமினியத்தில் கடைந்த ஒன்றை வாங்கினேன். தலையில் எட்டு ஓட்டையும் போட்டே வரும். கறுப்பு நிறம், உருண்டை, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. இந்த மாதிரி சில்லறைச் சாமான்களைப் போட்டு வைக்க, கராஜில் சும்மா கிடந்த மர அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஒரு அறையில் ஒயர், ஒன்றில் நட்டு, ஒன்றில் பெல்ட். இதைவிடப் பொருத்தமான டப்பா உலகத்தில் கிடையாது.

அதே கருத்து அம்மாவுக்கும் இருந்திருக்கிறது. ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தால், என் சாமான் முழுக்க ஒரு ஊறுகாய் பாட்டிலில் இருக்கிறது. அஞ்சறைப்பெட்டி அடுப்பங்கரையில் கடுகு, சீரகம், மிளகோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. “நல்ல பெட்டியில குப்பையைப் போட்டு வச்சிருக்க.” பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினேன். எல்லாம் இருந்தது, மேக்னீட்டோவைத் தவிர.

மூன்று வாரம் தேடினேன். டார்ச்சோடு தரையில் படுத்தேன். வாக்குவம் கிளீனர் பையைப் பேப்பரில் கொட்டிக் கிளறினேன். மனைவியின் தோடு கிடைத்தது. அது தொலைந்ததே எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். அம்மா வெண்பொங்கல் செய்திருந்தார். நெய் தட்டில் குளமாக நின்றது. மிளகைக் கடிக்காமல் ஒதுக்கிவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். தாத்தா ரோஷக்காரர், ஒதுக்கவில்லை. நான்காவது வாயில் ‘டக்’ என்று சத்தம். எனக்குத் திக்கென்றது, பல்வலிக்காரர். அவர் நிதானமாக அதை விரலில் எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

“எட்டு. இது மேக்னீட்டோவாச்சே” என்றார்.

அம்மா என் பக்கம் குனிந்து, “என்னடா சொல்றார்? மிளகு ரொம்பக் காரமா இருக்காமா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சமும் கலங்கவில்லை. “அடில ஒரே ஒரு மிளகு உருண்டுட்டு இருந்துது. வீணாக்குவானேன்னு மிளகோட சேர்த்தேன்.”

பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, எட்டு ஒயரையும் வரிசைப்படி செருகி, எஞ்சினில் ஒட்டிவிட்டேன். தாத்தா வந்து வரிசையைச் சரிபார்த்தார். அப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். நைட்ரோ வாசனை இல்லாதது ஒன்றுதான் குறையாம்; நெய் வாசனையும் மோசமில்லையாம்.