அன்னபூரணிக்குக் குரல் கொடுத்தோம்

போன குளிர்காலத்தில் எங்கள் சங்கத்துப் பெரியவர்களும் இங்கே லண்டனில் பிறந்த பிள்ளைகளும் சேர்ந்து ஒலி நாடகம் ஒன்று செய்தோம். அன்னபூரணி அம்மாள் கப்பலின் கதை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டின, 89 அடி நீளப் பாய்க்கப்பல் அது. வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி 'ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். சூயஸ் கால்வாய் வழியாகப் போய், அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்டில் மசாசூசெற்சின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல், அதாவது கப்பல் தலைவர், கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் கூடப் போனவர்களும் எங்கள் கரையார்கள்தான். எங்கள் பாடப்புத்தகத்தில் வாஸ்கொடகாமா இருந்தார், இவர்கள் இல்லை.

குரலால் கதை சொல்லும் ஆசை கல்லூரியிலேயே வந்தது. சானா சண்முகநாதன் இலங்கை வானொலியில் வளர்த்துவிட்ட நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சு அப்படியே வரும். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் எங்கள் ஆசிரியர்களும். தமிழ் மன்ற ஒத்திகையில் எங்கள் ரீச்சர் ஒவ்வொருவரையும் கரும்பலகைக்குப் பின்னால் நிற்கவிட்டுத்தான் வசனம் பேசச் சொல்லுவா. கிழவனா, குமரனா, கோபமா, பயமா என்று முன்வாங்கில் இருப்பவர்கள் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் திரும்பவும் முதலில் இருந்து.

1981இல் யாழ் நூலகத்தோடு 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் எரிந்தன. மிஞ்சியதைத் தேடி எடுத்து, 2005இலிருந்து 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தில் மின்வடிவாக்கி வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஊர்ச் சிறப்பு மலர்களையும் பழைய பத்திரிகைப் பக்கங்களையும் லண்டனில் இருந்தபடியே வாசித்தோம். ஆனால் எங்களுக்குக் கிடைத்த ஆங்கிலக் குறிப்புகளில் கப்பல் வாங்கியவரைப் பற்றித்தான் விரிவாக இருந்தது. ஓட்டினவர்களுக்கு இரண்டு வரி. அதனால் நாடகத்தைத் தண்டையலின் பக்கம் நின்றே சொல்வதென்று முடிவெடுத்தோம்.

ஆவணம் திகதி தரும், பேச்சுத் தராது. அதற்கு எங்கள் மூத்த உறுப்பினர்களிடம்தான் போகவேண்டியிருந்தது. கலப்பற்று (பலகை இடுக்கு அடைத்தல்), பருமல் (பாய் கட்டும் மரம்), சோழகம் (தெற்கிலிருந்து வீசும் காற்று) என்று அவர்கள் வாயில் இருந்து சொற்கள் வந்து விழுந்தன. பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற சத்தத்துக்கு, கராஜில் மரச்சுத்தியலால் பழைய கதவொன்றைத் தட்டிப் பதிவு செய்தோம். பாய் படபடப்பதற்குப் படுக்கை விரிப்பு.

கரையில் பெண்கள் வழியனுப்புகிற காட்சிக்கு நல்ல அழுகை எழுதி வைத்திருந்தோம். தொலைபேசியில் கேட்ட ஆச்சி ஒருவர் உடனே மறித்தார்.

"கப்பல் வெளிக்கிடேக்கை ஆர் மோனை அழுறது? போட்டு வாங்கோ எண்டு சொல்லி, கற்பூரம் கொளுத்துவம். அழுகையெல்லாம் வீட்டை வந்து."

காட்சியை அப்படியே மாற்றினோம். அந்த 'போட்டு வாங்கோ'வை பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று ஆச்சியிடமே கேட்டுக் கேட்டுப் பழகிப் பேசினாள். நாடகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். எந்தப் பக்கத்திலும் அச்சாகாத வரி அது, இப்போது பதிவில் இருக்கிறது.

அடுத்த நாடகத்துக்குக் கதை தேடத் தொடங்கிவிட்டோம். உங்கள் வீட்டில் பழைய கடிதம், கசெற், கோயில் மலர் ஏதும் இருந்தால் எறிந்துவிடாமல் செயற்குழுவிடம் சொல்லுங்கள். முக்கியமாக, வீட்டில் எண்பது தாண்டிய ஒருவர் இருந்தால், இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கைபேசியில் பதிவு செய்யுங்கள்.