ஜெர்மனி டெபுடேஷன்: சம்பளத்தைப் பிறகு பாருங்கள்

ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் எங்கள் எச்.ஆர். பிரிவின் மீதுள்ள கோபம் இன்னும் தணியவில்லை. அதனால் இது கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

ஒரகடத்தில் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். ஷ்டுட்கார்ட்டில் உள்ள தாய் நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகள் போகச் சொன்னார்கள். எச்.ஆர். பையன் நீட்டிய தாளில் ஆண்டுக்கு 62,000 யூரோ என்பதைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. "இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, மேடம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடுங்கள்" என்றார்.

அந்த எண்ணை ரூபாயாக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். குடும்பம் இங்கேயே இருந்தால் ஜெர்மனியில் தனி ஆளைப் போல வரி பிடிப்பார்கள், அதாவது வரி வகுப்பு 1. கணவரோ மனைவியோ உடன் வந்து குடியிருந்தால் வகுப்பு 3 கேட்கலாம், மாதப் பிடித்தம் கணிசமாகக் குறையும். "முதலில் நீங்கள் மட்டும் போங்கள், குடும்பம் மெதுவாக வரட்டும்" என்று அலுவலகத்தில் தருகிற யோசனை சிக்கனமாகத் தெரியும். இரண்டு வீட்டுச் செலவையும் கூடுதல் வரியையும் கூட்டிப் பார்த்தபோது எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, எந்த ஒப்பந்தத்தில் அனுப்புகிறார்கள் என்பது. இந்திய ஒப்பந்தம் தொடர்ந்தால், அதுதான் டெபுடேஷன், ஐ.சி.டி. கார்டு: ஒரே நிறுவனத்துக்குள் நாடு மாறுகிறவர்களுக்கான அனுமதி. மேலாளருக்கும் நிபுணருக்கும் அதிகபட்சம் 3 ஆண்டுகள், அதோடு சரி. ஜெர்மன் ஒப்பந்தம் என்றால் புளூ கார்டு, அதாவது பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை, வசிப்பு அனுமதி. 27 மாதங்களில் நிரந்தர வசிப்பு அனுமதி கேட்கலாம், பி1 என்னும் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதங்களே போதும். ஆனால் அங்கே வேலை போனால் இங்கே நாற்காலி காத்திருக்காது. இவ்வளவு வேறுபாடு இருக்க, "இரண்டும் ஒன்றுதான், மேடம்" என்கிறார் அந்த எச்.ஆர். பையன்!

நாங்கள் டெபுடேஷனையே தேர்ந்தெடுத்தோம். மாமியாரை நாத்தனார் மூன்று ஆண்டுகளுக்குப் பார்த்துக்கொள்வார், அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. மகனுக்கு எட்டு வயது. ஷ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க்கில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். மொழி தெரியாமல் போகிறவனுக்கு ஆயத்த வகுப்பு உண்டு என்றாலும், அதற்குள் அவன் எவ்வளவு தேறுவான்? திரும்பி வருவது உறுதி என்றானதும் அந்தக் கவலை பாதியானது. கணவருக்கு அங்கே வேலை செய்ய உரிமை உண்டு, விசாவுக்கு அவர் ஜெர்மன் தேர்வு எழுதவும் தேவையில்லை. ஆனால் மொழி தெரியாத கணக்காளரை யார் எடுப்பார்கள்? "சமையல் என் பொறுப்பு, விடு" என்றார். அவர் வைக்கும் ரசத்தை நினைத்து நானும் ஒப்புக்கொண்டேன்.

பி.எஃப். விஷயத்தில்தான் நிஜமான மல்லுக்கட்டு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே பி.எஃப். தொடரும் என்று பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ. தரும் சான்றிதழ் கையில் இருந்தால், அங்கே ஓய்வூதியத்துக்கு நம் பங்காகப் பிடிக்கும் 9.3 சதவீதம் மிச்சம். மருத்துவக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு பொருந்தாது. எச்.ஆருக்கு இப்படி ஒரு சான்றிதழ் இருப்பதே தெரியவில்லை. விதிகளை அச்சிட்டு மேசையில் வைத்தேன். பிறகு பார்த்தால் பி.எஃப். கணக்கில் என் பெயர் முதலெழுத்தோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. என் திருத்தப் படிவத்தில் நிறுவனமும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அது எச்.ஆர். மேசை இழுப்பறையில் தூங்கியது. கேட்டபோதெல்லாம் "ப்ராசஸில் இருக்கிறது" என்ற பதில்தான். வெளிநாட்டுப் பேச்சு எழும் முன்பே பி.எஃப்., ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

திருமணச் சான்றிதழிலும் அதே வம்பு, இம்முறை கணவரின் பெயரில். சார்பதிவாளர் அலுவலக எழுத்தர் எங்கள் மனுவைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி வாருங்கள்" என்றார். தாலுகா அலுவலகத்தில், "இதற்கெல்லாம் நாங்கள் தருவதில்லை, நோட்டரியிடம் போங்கள்" என்றார்கள். நோட்டரி பத்திரத்தோடு திரும்பினால், "இது செல்லாது" என்றார் அதே எழுத்தர். விடுப்பு வீணானதுதான் மிச்சம். கடைசியில் காப்பாற்றியது, மாமியார் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை. அதில் மாமனார் பெயர் முழுமையாக, "அவர்களின் புதல்வன்" என்று அச்சாகியிருந்தது. பதிவின்போது இணைத்த பத்திரிகையும் கோப்பில் அப்படியே இருக்க, சார்பதிவாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருத்த உத்தரவிட்டார். எழுத்தரின் முகத்தை நான் வேண்டுமென்றே பார்த்தேன்.

இன்னொரு எச்சரிக்கை. அலுவலகத்தின் பயணப் பிரிவு, சான்றிதழ்களை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் சர்வதேச உடன்படிக்கையின்படி தரப்படும் அப்போஸ்டில் முத்திரையை வாங்கச் சொல்லி ஒரு ஏஜென்டிடம் அனுப்பியது. இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால், இரு நாடுகளுக்கிடையே அது நடைமுறைக்கு வரவில்லை. ஏஜென்டுக்கு இது தெரியாமலா இருக்கும்? கட்டணத்தை நிறுவனத்தின் கணக்கிலேயே எழுதவைத்தேன்.

விசா நேர்காணல் சுமுகமாக முடிந்தது.

கேள்விகளைத் தொலைபேசியில் கேட்காதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், அங்கே உங்களை வேலைக்குக் கேட்டிருக்கும் மேலாளருக்கும் நகல் அனுப்புங்கள். வாரக்கணக்கில் வாய் திறக்காத எச்.ஆர்., ஷ்டுட்கார்ட் மேலாளர் ஒரு வரி எழுதியதும் அன்றே பதில் போட்டது. திரும்பியதும் எனக்கு இதே நிலையில் பதவி, நிறுவனமே பாதியில் அழைத்தால் குடும்பத்துக்கும் பயணச் செலவு, வேலையை விடக் கூடாது என்ற இரண்டு ஆண்டு பாண்ட் ஓராண்டாகக் குறைப்பு எல்லாம் இப்போது எழுத்தில் இருக்கின்றன.

பாக்கி இருப்பது வீடு. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் கட்டாயம். நிறுவனம் முதல் மாதத்துக்குத் தரும் தங்குமிடத்தில் அந்தக் கடிதம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். "விசாரிக்கிறேன், மேடம்" என்று பதில் வந்திருக்கிறது. மேலாளருக்கு நகல் வைத்து மறுபடியும் அனுப்பிவிட்டேன்.